ஹென்டர்சன், இல்லாட்டிச் சண்டை

1996இல் ஓக்லாந்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவராகத் தெரிவானவர் என் மனைவியின் தம்பி. சங்கம் நகரின் தெற்கே பாபடோயிட்டோயில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்தியது. மேற்கே ஹென்டர்சனில் இருந்த குடும்பங்கள் தங்களுக்கென்று வேறு வகுப்பு வைத்திருந்தன. அதையும் சங்கத்துக்குள் இழுத்துவிட வேண்டுமென்று எங்கள் ஆட்களுக்கு நெடுநாள் ஆசை. ஹென்டர்சன்காரரிடம் அதைப்பற்றி யாரும் கேட்டதில்லை.

தேர்தல் முடிந்த அடுத்த வாரம் எங்கள் வீட்டில் சங்கத்தார் சிலருக்கு விருந்து. வெளியே நல்ல மழை. இடியப்பத்துக்கும் ஆட்டுக்கறிக்கும் இடையில் நான் அப்போது படித்துக்கொண்டிருந்த அமெரிக்க வரலாற்றிலிருந்து ஒரு கதை சொன்னேன். பசிபிக் கரையிலுள்ள ஓரிகன் பகுதியை அமெரிக்காவும் பிரிட்டனும் உரிமை கோரின. 1844 தேர்தலில் ஒரு கட்சி, வடக்கே ரஷ்யரின் எல்லைவரை முழுவதும் அமெரிக்காவுக்கே என்றது. அந்த எல்லையின் அகலக்கோட்டை வைத்து, ‘ஐம்பத்துநாலு நாற்பது, இல்லாவிட்டால் சண்டை’ என்று கோஷம் போட்டு வென்றது.

“அப்ப எங்களுக்கு ‘ஹென்டர்சன், இல்லாட்டிச் சண்டை!’ என்ன அத்தான்?” என்றார் மைத்துனர். மேசை குலுங்கச் சிரித்தோம்.

அடுத்த வருடம் அவர் ஹென்டர்சனுக்குப் போய்ப் பேசினார். அவர்கள் வகுப்பை விடமாட்டோம் என்றார்கள். கடைசியில் வகுப்புகள் தனித்தனி, பொங்கல் மட்டும் இடையிலுள்ள மவுண்ட் ரோஸ்கில்லில் சேர்ந்து என்று முடிவானது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. சங்கத்தில் கொதித்தார்கள்.

“வோட்டுக் கேக்கேக்கை ஹென்டர்சன் எண்டு கத்தினவர், இப்ப ரோஸ்கில்லோடை நிண்டிட்டார்.”

ஆண்டுக் கூட்டத்துக்கு முன் மைத்துனர் என்னிடம் வந்தார். பதவி போவதைவிடப் பொய்யன் என்ற பெயர்தான் அவரை வாட்டியது. “அத்தான், தேர்தலுக்கு முதல் நான் அப்பிடிச் சொல்லவே இல்லை. திகதியெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். கூட்டத்திலை ஒருக்காச் சொல்லுங்கோ.”

எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனாலும் அமெரிக்கக் கதையை இன்னொருமுறை சரிபார்க்க நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த வேறொரு நூல் என்னைக் குழப்பிவிட்டது. 1844 தேர்தலில் அந்தக் கோஷத்தை யாரும் போட்டதற்குச் சான்றே இல்லையாம். தேர்தல் முடிந்து, தகராறு முற்றிய பிறகுதான் அது பரவியது. 1846இல் கேட்டதற்குத் தெற்கே, நாற்பத்தொன்பதாம் கோட்டில் எல்லை சமரசமாகத் தீர்ந்தது. பின்னால் வந்தவர்கள் கோஷத்தைத் தேர்தலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நான் படித்த முதல் நூலும் அப்படித்தான் வைத்திருந்தது.

கூட்டத்தில் எழுந்து, அந்த வார்த்தை தேர்தலுக்குப் பிறகு என் வீட்டு விருந்தில்தான் பிறந்தது என்றேன்.

“சும்மா இருங்கோ ஐயா,” என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். “வோட்டுப் போட முதல், மண்டப வாசலிலை, என்ரை காதாலை கேட்டனான்.” அவர் அந்த விருந்துக்கு வந்தவரல்ல.

“நானும் கேட்டனான்” என்று பின்வரிசையிலிருந்து இரண்டு குரல்கள்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தயங்கி, “ஓமப்பா, எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு” என்றாள். சொந்தத் தம்பி!

மைத்துனர் எழுந்தார். “இத்தனை பேர் கேட்டிருக்கினம் எண்டால் நான் சொல்லித்தான் இருப்பன். செய்ய ஏலாமல் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

யாரோ கைதட்டினார்கள். அவரையே மறுபடியும் தலைவராக்கினார்கள், போட்டியில்லாமல்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன்: “தம்பி, உள்ளதைச் சொல்லும். வாசலிலை நீர் சொன்னனீரோ?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “இப்ப ஞாபகம் வருது அத்தான். குடையோடை நிண்டு சொன்னனான். நல்ல மழை.”

மழை பெய்தது விருந்தன்று. அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தேர்தலன்று வெயில் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஓக்லாந்தில் அன்றைக்கும் பெய்திருக்கலாம்.