போகியன்று நின்ற நாதஸ்வரம்

என் பேத்தியின் நெஞ்சுக்குள் எப்போதும் ஒரு விசில் கேட்கும். டாக்டர் அதற்கு வீசிங் என்றார். என் அம்மா காலத்தில் அதற்குப் பேர் இழுப்பு. நான் வைத்த பேர் நாதஸ்வரம்.

“உன் கல்யாணத்துக்கு மேளம் மட்டும் சொன்னா போதும்டி. நாதஸ்வரம் நீயே எத்துகினு வந்துகீற” என்பேன்.

“போ ஆயா!” என்று சிரிப்பாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாகும். இருமல் முடிந்ததும் நாதஸ்வரம் இன்னும் ஒரு கட்டை ஏறி ஊதும்.

நூம்பலில் ஹாலோ பிளாக் கல் செய்கிற ஒரு கம்பெனிக்குப் பின்னால் எங்கள் ஷீட் வீடு. மெஷின் ஓடினால் சிமென்ட் தூசி எங்கள் சோற்றில் உப்புக்கு முன்னாலேயே விழுந்துவிடும். கொடியில் போட்ட துணி விறைத்து நிற்கும். இன்னும் நாலு நாள் விட்டால் அதை அடுக்கியே ஒரு சுவர் எழுப்பலாம். மருமகனுக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. வீடும் கம்பெனிக்காரர் கொடுத்தது. அதனால் தூசியைப் பற்றி நாங்கள் வெளியில் பேசுவதில்லை. இருமுவதோடு சரி.

என் மகள் ஹைவேஸுக்கு அந்தப் பக்கம் ஃப்ளாட்டுகளில் வீட்டு வேலை செய்கிறாள். நானும் முன்பு போனேன். அங்கே ஒரு அம்மா, ஜன்னல் கம்பியில் விரலை வைத்து இழுத்து, அந்த விரலை என் மூக்குக்கு நேராகக் காட்டி, “தூசி ஆயா, தூசி” என்பார். எனக்கு முன்பல் இரண்டு இல்லை. அந்த இடத்தில் தேங்காய்ச் சில்லைச் செருகிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, அந்த அம்மா மாதிரியே விரலை நீட்டுவேன். பேத்தி தரையில் உருண்டு சிரிப்பாள். “ஆயா, ஃப்ளாட்டு அம்மா பண்ணு” என்று தினமும் கேட்பாள்.

இழுப்புக்கு வாயில் அடிக்கிற பம்ப் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் என் மகள் இதையும் சொல்லி வைத்தாள். தூசி, புகை, பனி மாதிரி, அடக்க முடியாத சிரிப்பு கூடச் சில பிள்ளைகளுக்கு இழுப்பைக் கொண்டுவரும் என்றார் அவர்.

வெளியே வந்ததும் மகள் என்னைப் பிடித்தாள். “கேட்டுகினியாம்மா? தூசிய நிறுத்த முடியாது, ஊர்ல எரிக்கற குப்பைய நிறுத்த முடியாது. உன் வாயயாவது நிறுத்து.”

“வெத்தலைய உடச் சொல்லு, உட்டுடறேன்” என்றேன்.

“நான் வெளாட்டுக்கு சொல்லலம்மா.”

நிறுத்தினேன். பேத்தி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தன் மேல் எனக்கு என்ன கோபம் என்று தெரியாமல் அவள் என்னையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

போகி வந்தது. பண்டிகைக்கு வீடு கழுவ வேண்டும் என்று ஃப்ளாட்டில் சீக்கிரமே கூப்பிட்டதால் மகள் கிளம்பிப் போய்விட்டாள். மருமகன் லோடு வண்டியில் பாடியில் ஒரு கட்டடத்துக்குக் கல் இறக்கப் போயிருந்தார். விடியும்போது தெருவில் கிழிந்த பாய், தலையணை, டயர் எல்லாம் எரிந்தது. பிள்ளைகள் மேளம் கொட்டினார்கள். பனி புகையை மேலே போக விடவில்லை. கதவிடுக்கில் ஈரப் புடவையைத் திணித்தேன். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் எதைத் திணிப்பது?

பேத்திக்கு இழுப்பு கண்டது. டாக்டர் சொன்னபடி பம்ப் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். விசில் ஏறிக்கொண்டே போனது, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நின்றுவிட்டது.

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். அவள் இரண்டு கையையும் பாயில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. அசதி என்று நினைத்தேன். பாவம், இவ்வளவு பட்ட பிள்ளைக்கு ஒரு முறை செய்து காட்டினால் என்ன, மகள்தான் வீட்டில் இல்லையே என்று குழம்புக்கு உடைத்து வைத்த தேங்காயில் ஒரு சில்லைக் கீறிப் பல்லில் செருகினேன். இடுப்பில் கை வைத்து விரலை நீட்டினேன்.

“தூசி ஆயா, தூசி.”

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று அடக்குகிற முகமும் இல்லை அது. கழுத்துக் குழி உள்ளே உள்ளே போனது. உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது.

தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் டயரைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

“அண்ணாத்தே, வண்டிய எடு!”

“இன்னா ஆயா, காலங்காத்தால உன் தமாஷா?”

“கொயந்தையப் பாருய்யா!”

பார்த்தார். குச்சியைப் போட்டார். எரிகிற டயரை வெறும் காலால் சாக்கடைக்குள் எத்தித் தள்ளினார். மேளம் அடித்த பிள்ளைகள் ஓங்கிய கையோடு நின்றார்கள். ஆட்டோவில் வேலப்பன்சாவடி ஆஸ்பத்திரி வரைக்கும் எந்தத் தெருவிலும் புகை இல்லாத இடம் இல்லை. ஈர முந்தானையால் அவள் முகத்தை மூடுவதா, திறப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. மூடினேன், திறந்தேன், மூடினேன்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முதுகு.

“சத்தமே கேக்கலையே” என்றார்.

“ஆமாம்மா, அப்பவே நின்னுபோச்சு” என்றேன் நான். நல்ல சேதி சொல்வது மாதிரி.

“சத்தம் வர்றதுக்கே உள்ள காத்து போகலைம்மா!” என்று கத்திக்கொண்டே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

வெளியே உட்கார்ந்தேன். என்னைப் போலவே நிறையப் பேர் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தலையிலும் போகிச் சாம்பல். ஆட்டோக்காரர் போய்ச் சொல்ல, மகள் ஃப்ளாட்டில் இருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். என் வாயையே பார்த்தாள். தேங்காய்ச் சில்லு இன்னும் பல்லிலேயே இருந்தது. எடுத்துச் சுருக்குப் பையில் போட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே கூப்பிட்டார்கள். முகத்தில் மாஸ்க், கையில் ஊசி. கிட்டே போனதும் கேட்டது: பழைய நாதஸ்வரம், இழைபோல. அந்தப் பாழாய்ப்போன சத்தத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பொங்கல் அன்றைக்கும் அங்கேதான் இருந்தோம். மாஸ்க்கைக் கழற்றிய பிறகு டாக்டர் வந்தார். “அந்த வீட்ல வெச்சிருந்தா இது திரும்பவும் வரும். வேற வீடு பாருங்க” என்றார். மகள் தலையை ஆட்டினாள். எந்த வீடு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவர் போனதும் பேத்தி மெதுவாகக் கூப்பிட்டாள்.

“ஆயா... ஃப்ளாட்டு அம்மா பண்ணு.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

“பண்ணும்மா.”

“நீதானடி வேணான்ன?”

“சிரிக்கிறாளான்னு பாக்கணும். பண்ணு.”

சுருக்குப் பையில் சில்லு காய்ந்து சுருங்கிப்போயிருந்தது. செருகினால் நிற்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டே விரலை நீட்டினேன். அவள் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரித்தாள். உடனே இருமினாள். மகள் குனிந்து அவள் முதுகில் காதை வைத்தாள். நான் சில்லைப் பிடித்த கையை இறக்காமல், மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று நின்றேன்.

“கேக்குதும்மா” என்றாள்.