ழ இல்லாத டைப்ரைட்டர்

என் அண்ணன் குழந்தைவேலு பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் டைப்ரைட்டர் பழுது பார்த்தவர். ஊரே அவரைக் 'குளந்தை' என்றுதான் கூப்பிட்டது. அதை அவர் பொருட்படுத்தியதே இல்லை. 1930களில் அந்தத் தெருவில் இங்கிலீஷ் மெஷின் இல்லாத ஆபீஸ் கிடையாது, தமிழ் மெஷின் ஒன்றுகூடக் கிடையாது. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. பழைய மெஷினின் சாவிகளில் காகிதத் துண்டு ஒட்டி, தமிழ் எழுத்துகளை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். புள்ளியை அடித்தால் மட்டும் உருளை நகரக் கூடாது. அடுத்த எழுத்து அதன் கீழேயே வந்து விழ வேண்டும். அதற்காக உள்ளே இருக்கும் இரும்புப் பற்களை அராவி அராவி விரலெல்லாம் காயம்.

மெஷின்களை வரவழைத்து விற்ற வயிரவன் செட்டியார், அந்தச் சாவி வரிசையை ஜெர்மனிக்கு அனுப்பிச் செய்து வாங்க ஒப்புக்கொண்டார். ஆனால் வட்டிக் கணக்குக்குச் சதவீதக் குறி வேண்டுமாம், அதற்குச் சாவி இல்லையாம்.

"ள இருக்குல்ல, ழ எதுக்குப்பா? இங்க யாரு அதைச் சொல்றா? எல்லாம் வாளப்பளம்தானே லா" என்றார் செட்டியார், பினாங்குப் பேச்சின் 'லா'வை விடாமல்.

"ஷவை எடுங்க மொதலாளி."

"அப்புறம் ஷேர்னு எப்படி அடிக்கிறது?"

அண்ணன் கத்தினார், கெஞ்சினார். கடைசியில் "சரி, ழ இருக்கட்டும்" என்றார் செட்டியார். அண்ணனும் நம்பிவிட்டார்.

மெஷின் வந்ததும் விழா எடுத்தார்கள். அதற்கு முன்பு அண்ணனைப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க விடவில்லை. மேடையில் மாலை போட்டு, அந்த மெஷினிலேயே அடித்த பாராட்டுப் பத்திரத்தைச் செட்டியார் வாசித்தார். காதுக்கு ஒரு குறையும் இல்லை. கையில் வாங்கியபோதுதான் அண்ணன் பார்த்தார்: 'தமிள் டைப்ரைட்டரை வடிவமைத்த திரு. குளந்தைவேலு.' பக்கத்தில் நின்ற பெரிய மனிதர்களும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கைதட்டினார்கள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணன் தாளைச் செட்டியார் கையிலேயே திருப்பி வைத்தார்.

"ஒரு எழுத்துக்குப் போயி இவ்வளவு கோவமா, குளந்தை?"

"வாயால எப்படி வேணா கூப்பிடுங்க, நான் வருவேன். இந்தத் தாள்ல இருக்கிறவன் நான் இல்ல. அவன் வந்தா குடுங்க."

மாலையைக் கழற்றி மெஷின் மேல் போட்டுவிட்டு இறங்கினார்.

அடுத்த மழைக்காலத்தில் அதே மெஷினில் புள்ளிச் சாவி சிக்கிக்கொண்டது. அதன் சூட்சுமம் தெரிந்த ஆள் பினாங்கிலேயே அண்ணன் ஒருவர்தான். செட்டியாரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கடை வாசலில் வந்து நின்றார்.

"என்ன மெஷின்?" என்று தலை நிமிராமல் கேட்டார் அண்ணன்.

"நம்ம தமிள் மெஷின்தான் லா."

"அந்த மெஷினை நான் பாக்குறதில்ல."