அத்தை போட்ட எட்டு

கோலப்பொடியில் போட்ட அந்த எட்டு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மதுரை ஆனையூரில் எங்கள் தெரு முடிகிற இடத்தில், வீடு கட்டாமல் கிடந்த நாலைந்து பிளாட்டுகள் சேர்ந்து ஒரு சின்ன மைதானம் மாதிரி இருக்கும். அதன் நடுவில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, என் மாமியார் குனிந்து ஒரே வீச்சில் போட்ட எட்டு. இரண்டு வட்டமும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். கரும்பலகையில் காம்பஸ் வைத்துப் போட்டால்கூட எனக்கு அப்படி வராது. ஆனால் அந்த எட்டின் மேல் ஸ்கூட்டரை ஓட்டச் சொன்னால்தான் அத்தைக்கு வரவில்லை.

அத்தை சத்துணவு அமைப்பாளர். பல வருடம் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே இருந்தவரை, ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே மூன்று மைல் போகவேண்டும். அந்த ஊருக்குள் போகிற பஸ் காலையில் ஒன்றுதான். அது போய்ச் சேருவதற்குள் உலை கொதித்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிடும். ஆட்டோவையும் தெரிந்தவர்கள் வண்டியையும் நம்பி ஒரு மாதம் ஓட்டினார். இரண்டு நாள் தாமதமாகி, பிள்ளைகள் தட்டோடு காத்திருந்ததில் தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். வீட்டில் எல்லாரும் ஒரே குரலாக வேலையை விட்டுவிடச் சொன்னோம். மறுநாள் அத்தை, வண்டி பழகுவதற்கு எல்.எல்.ஆர். போட என்னென்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது.

முதல் நான்கு நாள் சொல்லிக்கொடுத்தது அவருடைய மகன், அதாவது என் கணவர். அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. வண்டிக்குப் பின்னால் ஓடுவார், சிரிப்பார், டீ குடிக்கப் போய்விடுவார். எப்படியோ அத்தை நேராக ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். லீவு முடிந்து கணவர் ஓசூருக்குக் கிளம்பியதும் பொறுப்பு என் கைக்கு வந்தது. எனக்கு உள்ளூரப் பெருமைதான். இனிமேல்தான் ஒழுங்கான பயிற்சி என்று நினைத்தேன். வருஷா வருஷம் நூற்றுக்கு நூறு வாங்கிக் கொடுக்கிறவள் இல்லையா நான்.

ஒழுங்காகத்தான் தொடங்கினேன். ஒன்றையொன்று தொடும் இரண்டு வட்டங்கள், திரும்பும் இடத்தில் பார்வை எங்கே இருக்கவேண்டும், வேகம் எவ்வளவு என்று நோட்டில் வரைந்தே காட்டினேன். அத்தை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். வண்டியில் ஏறினால் முதல் வட்டம் பாதி வரை சரியாகப் போகும். திரும்பும் இடத்தில் சக்கரம் கோலப்பொடிக் கோட்டைத் தொட்டதும் நான் "ச்சு" என்பேன். கத்தமாட்டேன், திட்டமாட்டேன், மாமியாரை யாராவது திட்டுவார்களா. நாக்கை அண்ணத்தில் வைத்து ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அடுத்த நொடி ஹேண்டில்பார் விறைத்துக்கொள்ளும், கால் தரையில் ஊன்றிவிடும். "பரவாயில்லத்தே, மறுபடி போங்க" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். எட்டரைக்கு நான் கே.கே. நகரில் பள்ளியில் இருக்கவேண்டும். பத்து நாளில் அத்தைக்கு நேராக ஓட்டுவதிலும் தடுமாற்றம் வந்துவிட்டது. வயசாகிவிட்டது, மூளையில் ஏறவில்லை என்று கணவரிடம் போனில் சொன்னேன். நூற்றிருபது பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் கண்பார்வையிலேயே அளந்து போடுகிற மனுஷியைத்தான் அப்படிச் சொன்னேன்.

அந்த "ச்சு" எனக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது என் அப்பாவுடையது. அவர் என்னை அடித்ததே இல்லை. கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். தப்பு வந்த இடத்தில் அந்தச் சத்தம் கேட்கும். அதைக் கேட்கக்கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு கணக்கையும் மூன்று தடவை சரிபார்ப்பேன். மார்க் வந்தது. அதனால் பயம் நல்லது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். அப்பா பக்கத்தில் இருக்கும்போது எனக்குப் புதுக்கணக்கு ஒன்றுகூட வந்ததில்லை, அவர் கடைக்குப் போன பிறகுதான் வந்தது என்பதை வசதியாக மறந்துபோனேன். கணக்கோடு சேர்த்து, தப்புச் செய்கிறவர்களைக் கண்டால் எரிச்சல்படவும் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதற்கு யாரும் மார்க் போடாததால் எவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறேன் என்பது தெரியவில்லை.

முதல் தடவை லைசென்ஸ் டெஸ்டுக்கு அத்தையை நான்தான் அழைத்துப் போனேன். தன் முறை வந்ததும் அத்தை கும்பிட்டுவிட்டு ஏறினார். கால் தரையில் படாமல் எட்டு போட்டு முடிக்கவேண்டும், பட்டால் போச்சு. முதல் வட்டம் முடிந்தது. இரண்டாவது வட்டத்தில் அவர் பாதையைப் பார்ப்பதற்குப் பதில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கால் ஊன்றிவிட்டது. அதிகாரி ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை, இன்னும் பழகிவிட்டு வாங்கம்மா என்றார். அத்தையைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். எனக்குக் கோபம் வந்தது. பாதையைப் பார்க்காமல் என் முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது என்று கேட்க நினைத்தேன்.

கேட்கவேண்டிய அவசியம் வரவில்லை. அன்று சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அத்தை சொன்னார்: "நாளையிலேர்ந்து நீ மைதானத்துக்கு வராத தாயி. நான் எதிர்வீட்டுப் பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

ஏன் என்றேன். எனக்குக் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"நீ 'ச்சு'ங்கயில கை தன்னால இறுகிப்போகுது. அம்புட்டுத்தான். நீ நல்லதுக்குத்தான் சொல்ற. ஆனா அந்தச் சத்தம் எப்ப வரும் எப்ப வரும்னே காதைத் தீட்டிக்கிட்டு இருக்கேன், வண்டி மேல புத்தி போகமாட்டேங்குது. இன்னைக்கு நீ சத்தமே போடல. அப்பவும் உன் மூஞ்சியத்தான் பார்த்தேன்."

எனக்கு அழுகை வந்தது. குற்றவுணர்ச்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது அவமானம். விடியற்காலையில் எழுந்து வந்ததற்கு இதுதான் மரியாதையா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அத்தை பிள்ளை என்று சொன்ன அந்த எதிர்வீட்டு அக்கா ஒரு டெய்லர். வண்டி ஓட்டுவார், ஆனால் எட்டைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை விளக்கத் தெரியாது. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். அக்கா ஒரு செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து ஏதோ ஒரு ஜாக்கெட் அளவு தப்பிப்போன கதையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை கோட்டைத் தாண்டிப் போய்ச் செடிக்குள் வண்டியை விட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தை வண்டியைத் தானே பின்னுக்கு இழுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு பழகிய நாட்களில் அத்தை என் முன்னால் ஒரு தடவைகூடச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது டெஸ்டில் எட்டு வந்துவிட்டது. நான் பள்ளியில் இருந்தபோது போனில் அக்காதான் சொன்னார். அத்தை வேலையை விடவில்லை. மீதி மூன்று வருடமும் அந்தக் கிராமத்துக்குத் தன் வண்டியிலேயே போய்வந்தார். ஒரு நாளும் உலை தாமதமாகவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் இன்றைக்கு வரை மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பூ வாங்கி வருவது அவர்தான். நான் அனுபவசாலியைப் போல "மெதுவா போங்கத்தே" என்பேன். "வாரேன் தாயி" என்று போய்விடுவார்.

டெஸ்டில் பாஸான அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, என்னால்தான் உங்களுக்கு ஒரு தடவை தவறிப்போச்சு, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அத்தையிடம் சொன்னேன். அதைச் சொல்லவே எனக்கு அவ்வளவு நாள் ஆகியிருந்தது. சொன்னதும், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவர் சொல்வார், கதை முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அத்தை என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

"எனக்கென்ன தாயி, நான் உன் மாமியா. வராதன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். ஒங்கிட்டப் படிக்கிற பிள்ளைக எப்படிச் சொல்லும்?"

மறுநாள் முதல் பீரியடே எனக்குப் பத்தாம் வகுப்பு. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். நான் பக்கத்தில் போனால் நோட்டின் மேல் முழங்கையைப் போட்டு மூடிக்கொள்வாள். எதையோ பார்த்து எழுதுகிறாள், திருட்டு முழி என்று ஆறேழு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று கணக்கைப் போட்டுவிட்டு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் பெஞ்சுக்கு முன்பே என்னை அறியாமல் கால் நின்றுவிட்டது. அவளுடைய முழங்கை அதற்குள் நோட்டின் மேல் ஏறியிருந்தது.

"நான் வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். ஆசிரியை இப்படிக் கேட்டு அவள் எங்கே பார்த்திருப்பாள். என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்தாள். தலை குனிந்தபடியே சொன்னாள்.

"இப்ப வேணாம் மிஸ்."

நான் அவள் பெஞ்சுக்குப் போகவில்லை.