நான் அழித்த வினாத்தாள்

பொய் சொல்லி ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்தேன். மென்பொருளை விலைக்கு வாங்க வழியில்லாததால், எழுத்தர் ஸ்டெல்லா எங்கள் கணினியில் லினக்ஸும் இலவச ஆபீஸ் மென்பொருளும் போட்டார். அதற்கு முன்பே தட்டச்சு செய்திருந்த தமிழ் வினாத்தாளையும் அதில் ஏற்றி வைத்தார்.

அவர் இல்லாதபோது திறந்து பார்த்தேன். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடந்தன. வைரஸ் என்று பயந்து அழித்துவிட்டேன். வேறு பிரதி இல்லாததால் தேர்வு தள்ளிப்போனது. தாளாளர் கத்தியபோது, "ஸ்டெல்லா போட்ட ஓசிச் சாமான் வினாத்தாளத் தின்னுருச்சுங்க" என்றேன்.

"அப்ப அதைக் கொண்டாந்தவ வீட்டுக்குப் போகட்டும்" என்றார். ஸ்டெல்லாவை அறைக்குக் கூப்பிட்டு என் முன்னாலேயே திட்டி அனுப்பினார்; அழித்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை.

மனம் உறுத்தி, சில மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அது வைரஸ் இல்ல சார். தமிழ் ஃபாண்ட் இன்னும் ஏத்தல, அம்புட்டுத்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

தாளாளரிடமும் ஒப்புக்கொண்டேன். அவர் திரும்ப அழைத்தும் ஸ்டெல்லா வரவில்லை. "நான் திட்டு வாங்கறப்ப நீங்க பேசாம நின்ன ஆபீசு சார் அது" என்றார்.

இப்போது திரையில் புரியாதது எது வந்தாலும் தெரிந்தவரைக் கேட்காமல் கைவைப்பதில்லை. தப்பு என்னுடையதென்றால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.