வெறும் தண்ணீரையும் சோதித்த அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை, தேயிலைக் கொழுந்து எடை போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கோலாலம்பூரில் அக்காவின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் மலர்விழி பேசினார். "அங்கிள், டாக்டர் வேலைக்கு வரல… வீட்டுக்குப் போயிப் பாத்தோம்…" என்றவர் அழுதுவிட்டார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்து, தூக்கத்திலேயே போயிருக்கிறார் என் அக்கா, டாக்டர் தனலெட்சுமி. மாரடைப்பில் பாதி இதயம் செத்த நான் தராசுப் பக்கத்தில் நிற்கிறேன், அவர் போய்விட்டார். இது என்ன நியாயமோ, எனக்குத் தெரியவில்லை.

அக்கா மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டர் அல்லர், ஆராய்ச்சி டாக்டர். எங்கள் தோட்டத்தில் பலருக்கு இது கடைசிவரை புரியவில்லை. தீபாவளிக்கு வந்தால் முட்டிவலி மாத்திரை கேட்டு வீட்டு முன்னால் கூட்டம் கூடிவிடும். "நான் அந்த டாக்டர் இல்லலா!" என்று சிரிப்பார். ஆனாலும் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகச் சொல்லுவார்.

ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில்தான் பிறந்தோம். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைப்பது அக்காவின் வேலை. பச்சைத் தண்ணீர் குடித்து மாட்டிக்கொண்டால் என் முதுகில் ஒன்று வைப்பார். கொதித்த தண்ணீரில் கிருமி இல்லை, அவ்வளவுதான் எங்கள் வீட்டு விஞ்ஞானம்.

சில ஆண்டுகளுக்கு முன், செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது எனக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தேன். அன்று முதல் தினமும் அக்காவின் போன் வரும். "படி ஏறுனா மூச்சு வாங்குதா? உண்மையச் சொல்லு. பாரம் தூக்காத."

அப்போது அவர் இதயத்தின் ஸ்டெம் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்படி ஒன்று இதயத்தில் இருக்கிறதா என்றே சண்டை போடும் விஞ்ஞானிகள் உண்டாம். அக்கா விடவில்லை. அவர் செய்த மருந்தை ஊற்றியதும் அந்தச் செல்கள் பெருகின. அந்தச் சேதியைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. என் இதயம் திரும்ப வளரப்போகிறது என்று தோட்டம் முழுக்கச் சொன்னேன். மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தம்பி, அந்த மருந்து ஒன்னுத்துக்கும் உதவாதுடா."

யாரும் கேட்காத ஒரு சோதனையை அவராகவே செய்திருக்கிறார். மருந்தே கலக்காமல், அதே குடுவையில் வைத்த வெறும் தண்ணீரைச் செல்கள்மேல் ஊற்றிப் பார்த்திருக்கிறார். அப்போதும் அவை பெருகின. குடுவையைக் கொதிநீராவியில் கழுவியதில் கிருமி செத்திருக்கிறது, ஆனால் அதன் தோல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. அவைதான் செல்களைக் கிளப்பிவிட்டிருக்கின்றன. "கொதிக்க வெச்சா போதும்னு நம்புனேன் பாரு, லயத்துப் புத்தி," என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "யாருக்கும் தெரியாதுல்லக்கா? பேசாம இருந்திருக்கலாம்லா!"

"யாருக்குத் தெரிஞ்சா என்னா, தெரியாட்டி என்னா? அத உன் நெஞ்சுல ஊத்தப் போறவ நான்டா."

அந்த மருந்தைப் பற்றி வெளியிட்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரையைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். கூட வேலை செய்தவர்கள் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் ஆறு மாதம் போனை எடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவர் மட்டும் ஒரு நாள் தவறாமல் என் மனைவிக்குப் போன் போட்டு, நான் மூச்சு வாங்குகிறேனா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தவற்றையே பிடித்துக்கொண்டு அக்கா மேலே போனார். செத்த கிருமியின் துணுக்கு எப்படிச் செல்லை எழுப்பியது? கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகள் பிறவியிலேயே நம் உடம்பில் இருக்கின்றனவாம். அடிபட்ட இதயத்தின் சிதைவுகளைக் கண்டாலும் அவை விழித்துக்கொள்ளுமாம். எனக்கு இப்படிச் சொன்னார்: "நம்ம தோட்டத்துச் சங்கு மாதிரிடா. கொஞ்ச நேரம் ஊதுனா ஆளு வேலைக்கு வரும். நிறுத்தாம ஊதுனா எல்லாம் கெட்டுப் போயிரும்." எவ்வளவு நேரம் ஊதினால் இதயம் பழுது பார்த்துக்கொள்ளும், எப்போது தழும்பாகிப் போகும் என்றுதான் கடைசிவரை தேடினார். விடை முழுசாகக் கிடைக்கவில்லை. இனி மலர்விழி பார்த்துக்கொள்வாராம்.

அக்காவைத் தோட்டத்துக்கே கொண்டுவந்தோம். அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர், அதனால் கொள்ளிக்குடம் என் பொறுப்பு. "நீ பாரம் தூக்கக்கூடாது, உன் மகன் தூக்கட்டும்," என்றார்கள். நான் கொடுக்கவில்லை. நிறையத் தண்ணீரோடு தோளில் வைத்து, சுடுகாட்டு மேட்டில் அக்காவை மூன்று சுற்றும் சுற்றி வந்தேன்.

அக்கா, நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்குச்சுக்கா. ரொம்ப வாங்குச்சு. உண்மையத்தான் சொல்றேன்.