சேத்தியாத்தோப்பில் விழுந்த அறை

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு படத்துக்குப் போயிருந்தேன். காமெடி நடிகர்களைப் பற்றிய படம். மேடையில் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுகிறார்கள், ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொள்கிறார்கள், கடைசியில் பல வருடம் கழித்து ஒரு டீக்கடையில் சந்தித்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. எனக்கு மட்டும் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. "படம் நல்லாத்தானப்பா இருந்துச்சு, நீ ஏன் உர்ருன்னு வர்ற?" என்றாள் மகள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பக்கத்து சீட் அம்மாவின் முகப்பவுடர் வாசனையும் ஒரு காரணம். பவுடரும் வியர்வையும் கலந்து மூக்கில் ஏறினால் போதும், திருவிழா ஊர்களில் மேக்கப் போட ஒதுக்கித் தரும் பள்ளிக்கூட வகுப்பறைக்குப் போய்விடுவேன். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. எம்.ஏ. படித்தவன் என்பதைக் கடைக்கு வருகிறவர்களிடம் நானாகவே சொல்வேன், ஒருவரும் கேட்டதில்லை. சாயங்காலங்களில் குணாவின் காமெடிக் குழுவில் நடிகன். குழு என்றால் மூன்றே பேர். குணா, நான், ஸ்டெல்லா அக்கா. பேனரில் குணாவின் முகம் பெரிதாக இருக்கும், என் முகம் ஓரமாக இருக்கும், அக்காவின் முகம் இருக்காது.

அக்கா கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடையில் இருந்தாள். பகல் முழுக்க அடுத்தவர் கஷ்டத்தை டைப் அடித்துவிட்டு, பஸ் ஏறியதும் அதே ஆட்களின் குரலில் பேசத் தொடங்குவாள். கிளார்க் வருவார், கண்டக்டர் வருவார், மீன் கூடையோடு நேராகக் கடைக்கே வந்து நிற்கும் கடலோரத்து அம்மா வருவார். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் முன் சீட்டும் பின் சீட்டும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். எங்கள் மூவரில் காமெடியன் என்று சொல்லத் தகுந்தவள் அவள் ஒருத்திதான். மனு கொடுக்க வருகிறவர்களை வைத்து பத்து நிமிட ஐட்டம் ஒன்றைச் சொந்தமாகவே செய்து வைத்திருந்தாள். குணா அதை மேடையேற விடவில்லை. "பொம்பள பேசுனா எவன் சிரிப்பான்? அடி வாங்குனா சிரிப்பான்" என்பான். இதைச் சொன்னவன்மேல் வராத கோபம், கேட்டுக்கொண்டு தலையாட்டிய என்மேல் இப்போது வருகிறது.

ஆக, அவள் அடி வாங்கும் பெண்டாட்டி, நான் அடிக்கும் புருஷன். அடி பொய்தான். என் கை அவள் கன்னத்துக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிடும். அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி தன் கைகளைத் தட்டிக்கொள்வாள். மைக்கில் பளார் என்று கேட்கும்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கோவில் திருவிழா. மாலை ஆறு மணி, வெயில் முழுசாக இறங்கவில்லை. லோக்கல் சேனல்காரர்கள் கேமராவோடு வந்திருந்தார்கள். குணா என் தோளில் கை போட்டான்.

"மச்சான், கேமராவுல கை தட்டுறது தெரிஞ்சிடும். கடைசி அறைய நெசமாவே உடு."

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா மொகத்துல தெரிஞ்சிடும். சொல்லாத."

சொல்ல நேரம் இருந்தது. பத்தடி தள்ளி நின்று புடவை மடிப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். நான் டிவியில் வரப்போகும் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை அவளுடைய இடது காதோடு சேர்ந்து விழுந்தது. அக்கா மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அதுவரை கேட்டிராத சிரிப்பு. விசில், கைதட்டல், முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மைக்கை இழுத்து, "சவுண்ட் சர்வீஸ் அண்ணே, ஒரு பக்க ஸ்பீக்கர் போயிடுச்சு பாருங்க, சத்தமே வரல" என்றாள். சிரிப்பு இன்னொரு மடங்கு எழுந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் நிஜமாகவே எழுந்து போய் ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அவள் சொன்னது நகைச்சுவை இல்லை என்பது அங்கே எனக்கு மட்டும் தெரிந்தது. அதற்கு அப்புறமும் நான் என் அடுத்த வசனத்தைச் சொன்னேன்.

மறுநாள் மஞ்சக்குப்பம் போனேன். டாக்டர் காது ஜவ்வு கிழிந்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

"குணாதான்க்கா சொல்ல வேணாம்னான்."

"அவரு உங்கிட்ட சொன்னாரு. நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சரி அடிறான்னு நானே கன்னத்தக் காட்டியிருப்பேன்டா. இப்புடி தெரியாம வாங்கிட்டு நின்னேன் பாரு."

அவள் அழவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் மனுவோடு காத்திருந்தார். அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் காது அதன் பிறகு சரியாகவில்லை.

இங்கே நான் மேடையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. அந்த அறையைச் சேனல் திரும்பத் திரும்பப் போட்டது. ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். குணா அக்காவின் இடத்துக்கு வேறொரு பெண்ணைக் கொண்டுவந்தான். ஒரு வருடத்துக்கு மேல் அவளோடும் அதே வேடம் போட்டேன். கை நாலு விரல் முன்னாலேயே நின்றது. அது ஏதோ பெரிய யோக்கியதை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு பொருட்காட்சி. உள்ளூர்க் கலைஞர்களுக்குப் பத்துப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அக்கா தனியாக ஏறினாள். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். அவளுடைய அந்த மனு ஐட்டம்தான். கடலோரத்து அம்மா, உதவி கேட்டு ஓர் ஆபீசுக்குப் போகிறாள். "லிஸ்ட்ல நீ செத்துட்டம்மா" என்கிறார் கிளார்க். "சரி சார், செத்தவளுக்கு வர்றதயாச்சும் குடுங்க, வாங்கிட்டுப் போறேன்." "அதுக்கு நீ வரக் கூடாது, வாரிசு வரணும்." இரண்டு குரலும் அவளே. முன்னால் சிலர் சிரித்தார்கள். ஓர் அம்மா சிரிக்காமல் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அக்காவின் இடது பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "யக்கா, அந்த அற வாங்குற சீன போடு!"

"என்ன தம்பி? இந்தப் பக்கம் கேக்காது, அந்தப் பக்கமா வந்து சொல்லு."

கூட்டம் இதற்கும் சிரித்தது. அவன் மெனக்கெட்டு நடந்து அந்தப் பக்கம் போய்ச் சொன்னான். பத்துப் பேர் சேர்ந்துகொண்டு, "அற! அற!" என்று கை தட்டினார்கள். அக்கா மைக்கை ஸ்டாண்டில் செருகிவிட்டு இறங்கிப் போனாள். நான் ஓர் ஆளைக்கூட "சும்மா இருடா" என்று அதட்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை. புயலடித்த வருடம் அந்த டைப் கடையின் கூரை போனது. அக்கா திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். சேனல் மூடியாயிற்று. குணா மனை விற்கிறான், பார்த்தால் சிரிக்கிறான். அந்த அறை மட்டும் எவனோ நெட்டில் ஏற்றிவிட்டு இன்றும் செல்போன்களில் ஓடுகிறது. மனு ஐட்டத்தை யாரும் வீடியோ எடுத்து வைக்கவில்லை. வாரிசு வரணும் என்று கிளார்க் சொன்னதற்கு அந்த அம்மா என்ன பதில் சொல்வாள் என்பது மைதானத்தில் இருந்த யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஒருமுறை எனக்கு முழுசாகச் செய்து காட்டியிருக்கிறாள். கண்ணில் நீர் வரச் சிரித்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது. எதற்குச் சிரித்தேன் என்பது இல்லை.