பக் பண்ணாத

கல்யாணமாகி மல்லசமுத்திரத்துக்கு வந்தபோது, என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் டிரைவராக இருந்தார். தீபாவளி கழிந்து வடக்கே போனால் ஆடி மழைக்குத்தான் லாரி திரும்பும். எண்பதுகளின் தொடக்கம். அக்கம்பக்கத்தில் போன் கிடையாது.

ஒரு ஆடியில் வந்தவரிடம், இனி எப்போது கிளம்புவீர்கள், போனால் எப்போது வருவீர்கள் என்று சாப்பாடு போடும்போதெல்லாம் கேட்டேன். ஒருநாள் சிரித்துக்கொண்டே, "பக் பண்ணாத புள்ள" என்றார். அர்த்தம் கேட்டதற்கு, தொந்தரவு பண்ணாதே என்று அர்த்தமாம், இங்கிலீஷாம்.

சேலத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த நாத்தனார் விடுமுறைக்கு வந்தபோது விசாரித்தேன். பக் என்றால் பூச்சி, மூட்டைப்பூச்சியையும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்த தடவை வந்தபோது தன் இங்கிலீஷ் டீச்சரிடமும் கேட்டு வந்திருந்தாள். பூச்சி மேலே ஊர்ந்து அரிப்பதுபோல விடாமல் தொல்லை கொடுப்பதால் அப்படிப் பேச்சுவழக்கில் வந்திருக்கலாமாம். உறுதியாகச் சொல்ல முடியாதாம். பக் என்பதற்குக் குழந்தைகளை மிரட்டும் பேய் என்றும் பழைய அர்த்தம் இருந்ததாம். நாமும் குழந்தைகளுக்குப் 'பூச்சி காட்டு'கிறோமே என்று நினைத்துக்கொண்டேன். அது அதிசயமாக இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. கட்டினவளைப் பார்த்து மூட்டைப்பூச்சி என்பதா?

அதன்பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. மழை முடிந்தது. தீபாவளிப் பலகாரத்தைத் தூக்குப்போசியில் கட்டிக் கொடுத்தேன். வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவர் ஏறாமல், செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"எப்ப வாரீங்கன்னு கேக்க மாட்டயா?"

"கேட்டா பூச்சிம்பீங்க, மாமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த வார்த்தைய நான் எங்க கத்துக்கிட்டேன்னு நெனச்ச? அங்க வேல குடுத்த எஞ்சினியருகிட்ட, எப்பங்க சார் முடியும், ஊட்டுக்குப் போகோணும்னு தெனமும் கேட்டுட்டே இருந்தேன். அவருதான் என்னைய அப்படிச் சொன்னாரு."

வெட்கத்தை விட்டு, எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். இந்தத் தடவை ஆடிவரைக்கும் இருக்கமாட்டேன், தையில் லீவு போட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு ஏறினார்.

தையில் வரவில்லை. பொங்கல் வைத்த அன்று, பால் பொங்கும் நேரத்தில் ரோட்டில் ஏதோ லாரிச் சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தேன். சர்க்கரை மூட்டை ஏற்றிக்கொண்டு எதுவோ போனது. மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், பஸ்சில் வந்து இறங்கி நடந்து வந்தார். ஆள் கறுத்துப்போயிருந்தார். கைகால் கழுவக்கூட நிற்காமல், கூடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டார். சோற்றை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை நாள் லீவு என்று கேட்க வாயெடுத்தேன். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.